பட்டறைக் கேள்வி-பதில்: மடித்தால் வெடிக்கும் மக்னீசியம்

கேள்வி: 2 மி.மீ. ஏஇசட்31 (அலுமினியமும் துத்தநாகமும் சிறிது கலந்த) மக்னீசியத் தகட்டை, அலுமினியத்துக்கு வைத்திருக்கும் அதே அச்சில் மடித்தேன். ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தது. மடிப்பின் வெளிப்பக்கம் வெடித்துவிட்டது. சரக்கு மட்டமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: சரக்கின் மேல் பழி போடாதீர்கள், ஐயா. உலோகம் வளைவது அதன் படிகத்தில் அணு அடுக்குகள் வழுக்குவதால்தான். அலுமினியப் படிகத்துக்கு அப்படி வழுக்க 12 வழிகள் உண்டு. மக்னீசியத்தின் அறுகோணப் படிகத்திலோ அறை வெப்பநிலையில் அடித்தள அடுக்குகள்தான் சுலபமாக வழுக்கும். சீட்டுக்கட்டை மேசையில் பக்கவாட்டில் தள்ளுவது போலத்தான்: கட்டு சரியும், உயரம் கூடாது.

உயரம் கூடியே ஆகவேண்டும் என்னும்போது பிறப்பதுதான் இரட்டைப் படிகம். படிகத்துக்குள் ஒரு பட்டை, அணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் நகர, ஏறக்குறைய 86 பாகை திரும்பிக்கொள்கிறது. படுத்திருந்த சீட்டுகள் எழுந்து நிற்கின்றன. இது சட்டென்று நடப்பதால் சத்தம் எழும். வெள்ளீயக் கம்பியை வளைத்தால் கேட்கும் முனகலும் இந்த வகைதான்.

ஆனால் இது ஒருவழிப் பாதை. உருட்டிய தகட்டில் பெரும்பாலான ‘கட்டுகள்’ தட்டையாகப் படுத்திருக்கும். மடிப்பின் உட்பக்கம் நெரிபட்டுத் தடிமன் கூடுகிறது. அங்கே இரட்டைகள் தாராளமாக வரும். வெளிப்பக்கம் இழுபட்டு மெலிய வேண்டும். அதற்கு இந்த இரட்டை உதவாது. மிகுந்த விசையில் பிறக்கும் வேறுவகை மெல்லிய இரட்டைகள்தான் அங்கே வரும். அவற்றுக்குள்ளேயே வழுக்கல் முழுதும் குவிந்து, விரிசல் தொடங்குகிறது.

இன்னொரு தொல்லை: உட்பக்கம் எளிதில் இளகிக் கொடுப்பதால் நடுக்கோடு (மடிக்கும்போது நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் அடுக்கு) வெளிப்பக்கம் நகர்ந்துவிடும். இரும்பில் உட்பக்கம் நகரும். இரும்புக் கணக்கில் தகடு வெட்டினால் மடித்த காது, அதாவது மடிந்து நிற்கும் விளிம்பு, குட்டையாகத்தான் வரும்.

அனீல் செய்த (சூடாக்கி ஆறவைத்து மென்மையாக்கிய) தகடு வாங்குங்கள். குளிரிலேயே மடிப்பதானால் உள் ஆரம் தடிமனைப்போல் 5, 6 மடங்கு, அதாவது 10 முதல் 12 மி.மீ. இருக்கட்டும். இறுக்கமாக மடிக்க 200–250 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டில் வேறு வழுக்கல் வழிகள் திறந்து, இரட்டைகளின் தேவை குறையும். அச்சையும் சுட வையுங்கள், 2 மி.மீ. தகடு குளிர்ந்த இரும்பைத் தொட்டதுமே சூட்டை இழந்துவிடும். பளபளப்பான பரப்பில் லேசர் வெப்பமானி பொய் சொல்லும். தொட்டு அளக்கும் தெர்மோகப்பிள் நல்லது. மெதுவாக அழுத்துங்கள், வேகம் இரட்டைகளைத் தூண்டும். மக்னீசியத் தூளை முன்பே பெருக்கிவிடுங்கள். அது பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, உலர்ந்த மணல்தான்.

கேள்வி: அனீல் செய்த, வளைக்காத மாதிரியிலும் நுண்ணோக்கியில் இலை வடிவப் பட்டைகள் தெரிகின்றன. எப்படி?
– மாணவி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: பெரும்பாலும் உங்கள் கைவேலைதான், அம்மா! வைஸின் பிடியும் முரட்டு எமரித் தாளும் பரப்பில் இரட்டைகளை உண்டாக்கிவிடும். மெதுவாக ஓடும் ரம்பத்தில் அறுங்கள். சூடாக்கி அழுத்தாமல் குளிர் ரெசினில் பதியுங்கள். 1200 எண் தாளுக்குப் பிறகு 3 மைக்ரான், 1 மைக்ரான் வைரப் பசை. கழுவத் தண்ணீருக்குப் பதில் எத்தனால்.

அரிப்புக் கரைசல்: எத்தனால் 70 மி.லி., தண்ணீர் 10, அசிட்டிக் அமிலம் 10, பிக்ரிக் அமிலம் 4.2 கிராம், சில நொடிகள் போதும். உலர்ந்த பிக்ரிக் அமிலம் வெடிக்கும். நீங்களே கலக்காமல் ஆய்வகப் பொறுப்பாளரிடம் விடுங்கள். மறுபடி மெருகேற்றி அரித்துப் பாருங்கள்: பட்டைகள் குறைந்தால் மேற்பரப்புக் காயம், அப்படியே நின்றால் உண்மையான இரட்டை.

கேள்வி: துத்தநாகமும் அறுகோணம்தானே, அதுவும் இப்படித்தானா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: தலைகீழ். படிக உயரத்தை அகலத்தால் வகுத்தால் மக்னீசியத்துக்கு 1.62, துத்தநாகத்துக்கு 1.86. எல்லை 1.73, அதைத் தாண்டினால் அதே இரட்டை, படிகத்தை உயரவாக்கில் இழுத்தால் அல்ல, நெரித்தால் பிறக்கும்.