நூலகத்தில் என்ன விளையாட்டு?

கேள்வி: பெண்ணுக்குப் பத்து வயது, பையனுக்குப் பதினான்கு. லீவு நாள் என்றால் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். நூலகம், ஓவியக் கண்காட்சி என்று இழுத்துக்கொண்டு போனால் கால் மணி நேரத்தில் ‘போலாமா?’ என்கிறார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் போரடிக்கிறது. எங்கள் ஊரில் பெரிதாக எதுவும் நடப்பதும் இல்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி

பதில்: உங்களுக்கும் போரடிக்கிறது என்று ஒத்துக்கொண்டீர்களே, அது நல்லது. இந்த இடங்களுக்கெல்லாம் பல பேர் கடமைக்குத்தான் போகிறோம். கையைக் கட்டிக்கொண்டு சுற்றி வந்தால் யாருக்குத்தான் கொட்டாவி வராது? ஏதாவது ஒரு வேலையை வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். சில்லறை வேலையாக இருந்தாலே போதும்.

நூலகத்தில் புத்தகங்களின் முதுகில் ஓர் எண் ஒட்டியிருக்கும், கவனித்திருக்கிறீர்களா? மெல்வில் டூயி என்பவர் 1876இல் வெளியிட்ட வகைப்பாட்டைத்தான் இன்றும் ஏராளமான நூலகங்கள் பின்பற்றுகின்றன. அதில் 398 நாட்டுப்புறக் கதைகள், 520 வானியல், 598 பறவைகள், 741 வரைதல், 793இல் புதிரும் மேஜிக்கும். இந்த எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, நீங்கள் உட்பட ஆளுக்கொன்று எடுங்கள். வந்த எண் எந்தத் தட்டு என்று தேடிப் போய், பத்து நிமிடத்துக்குள் ஒரு புத்தகத்தோடு திரும்ப வேண்டும். சீட்டை மாற்றக் கூடாது. வீட்டில் படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லையா, முப்பதாம் பக்கத்தில் மூடிவிடலாம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதியில் மட்டும் கை வைக்காதீர்கள். எடுத்ததை முடித்தே தீர வேண்டும் என்ற கண்டிப்பில்தான் பல பிள்ளைகள் புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிறார்கள், பெரியவர்களும்தான்.

அடுத்து கண்காட்சி. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரு படைப்பின் முன் மக்கள் நின்றது சராசரியாக 27 நொடிதான். அந்தப் பெரிய இடத்திலேயே இந்தக் கதி! அதனால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். ஒரு சுற்று வேகமாக நடந்து, உங்கள் பெண்ணுக்குப் பிடித்த ஒரே ஒரு படத்தின் முன் நில்லுங்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் விளக்கத்தைப் படிக்காதீர்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, யாருடைய கை தெரியவில்லை, அந்த மூலையில் இருப்பது நிழலா நாயா என்று ஐந்து நிமிடம் துழாவுங்கள். அப்புறம் நீங்கள் முதுகைக் காட்டித் திரும்பி நிற்க, அவள் கேள்வி கேட்கட்டும். அம்மா திணறுவதைப் பார்க்கிற சந்தோஷமே தனி. விளக்கத்தைக் கடைசியில் படிக்கலாம். நாமாக ஒரு கதை கட்டிவிட்டதால், உண்மையில் என்ன என்று தெரிந்துகொள்ள அப்போதுதான் நிஜமான ஆவல் இருக்கும்.

ஊரில் எதுவும் நடப்பதில்லை என்பதை மட்டும் நான் நம்பமாட்டேன். மேடையில் நடப்பது குறைவாக இருக்கலாம், ஒத்திகை நடந்துகொண்டேதான் இருக்கும். பாட்டு, நடனம், நாடகம் எது சொல்லித்தரும் இடமானாலும் ‘ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா?’ என்று கேட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால் அரங்கேறிய நிகழ்ச்சியைவிட ஒத்திகைதான் சுவாரசியம். ஒரே வரியைப் பத்துத் தடவை பாடுவார்கள், தப்பு விடுவார்கள், சிரிப்பார்கள், திட்டு வாங்குவார்கள். பெரியவர்களும் தடுமாறுவார்கள் என்பதைப் பிள்ளைகள் வேறு எங்கே பார்க்கப்போகிறார்கள்?

உங்களுக்கென்று தனியாக ஒன்று. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு தோழிகள் ஆரம்பித்த மௌன வாசிப்புக் கூடல் இப்போது பல நாடுகளில் நடக்கிறது. ஆளுக்கொரு புத்தகத்தோடு வந்து, ஒரு மணி நேரம் பேசாமல் படிக்க வேண்டியது, அவ்வளவுதான். எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து கருத்துச் சொல்லும் தொல்லை கிடையாது. இரண்டு பேர் சேர்ந்தால் நடத்திவிடலாம்.

பையன் விஷயம். பதினான்கு வயதில் அம்மாவோடு வெளியே வர வெட்கமாக இருக்கும். கட்டாயப்படுத்தாதீர்கள். போனைப் பிடுங்கவும் வேண்டாம். அதையே வேலையாக்கிக் கொடுங்கள்: ஒத்திகையில் முகங்களை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் படமெடுக்கச் சொல்லலாம், அவர்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டு. நண்பன் ஒருவனையும் கூட்டி வரட்டும், நீங்கள் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்துகொள்ளுங்கள்.