‘நான் கற்றுக்கொடுத்த பையன் லீட் ஆகிவிட்டான்!’

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 37. ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் இன்ஜினியர், 14 வருட அனுபவம். இந்த அப்ரைசலில் என் டீமில் ஒரு பையனை லீட் ஆக்கிவிட்டார்கள். நான் கையைப் பிடித்து வேலை கற்றுக்கொடுத்த பையன். எனக்கு வழக்கம்போல அதே ரேட்டிங். மேனேஜரிடம் கேட்டால் ‘விசிபிலிட்டி பத்தல’ என்கிறார். நவம்பர் வந்தால் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவார்கள், ராத்திரி ஏழரை மணி ஆபீஸ் போன் கால் எட்டரைக்குப் போய்விடும், மார்ச் வரை பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே மியூட்டில் உட்கார்ந்திருப்பவள் நான். இது யார் கண்ணுக்குத் தெரிகிறது? பொங்கலன்று புரொடக்‌ஷன் (கஸ்டமர்கள் பயன்படுத்தும் சிஸ்டம்) நின்றுபோனபோது லேப்டாப்பைத் திறந்ததும் நான்தான். பெயர் வாங்குவது அவன். இப்போது எதையும் நோண்டி நோண்டிக் கேட்கிறான் வேறு. போன மாதம் நான் கொடுத்த பேமென்ட் புரோகிராம் கோடைப் பார்த்துவிட்டு, ‘பதில் வராம டைம்அவுட் ஆனா மறுபடி அனுப்புதே, ரெண்டு தடவை பணம் போயிடாதா அக்கா?’ என்று எல்லார் முன்னாலும் கேட்டான். அது ஏஐ எழுதிக்கொடுத்தது, எனக்கே சரியாகப் புரியவில்லை, இப்போதெல்லாம் பாதி அப்படித்தான் போகிறது, ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அதை விடுங்கள். 14 வருடம் உழைத்தவளுக்கு இதுதான் மரியாதையா? வேலையை விட்டுவிடலாம்போல இருக்கிறது. வீட்டுக்காரர் ‘இஎம்ஐ இருக்கு, பேசாம இரு’ என்கிறார்.

– பெயர் வேண்டாம், சென்னை

அன்புச் சகோதரிக்கு,

விடச் சொன்னீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. ரேட்டிங், இரவு கால், பண்டிகை நாள் வேலை எல்லாமே நியாயமான வருத்தம்தான். ஆனால் அவை வருடக்கணக்கில் நடப்பவை, அப்போதெல்லாம் நீங்கள் வேலையை விட நினைக்கவில்லை. இப்போது நினைப்பது அந்தப் பையன் கேட்ட கேள்வியால் என்றே எனக்குத் தோன்றுகிறது.

திறமை இருந்தும் ‘நம் குட்டு உடைந்துவிடுமோ’ என்று பயப்படுகிறவர்களைப் பற்றி 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதினார்கள், அதுவும் சாதித்த பெண்களை வைத்தே. உங்களுக்கும் அதுதான் என்று சொல்லித் தட்டிக்கொடுத்துவிடலாம். ஆனால் அந்தப் பயம் காரணமில்லாதது. உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. உங்களுக்குப் புரியாத கோடு உங்கள் பெயரில் போய்க்கொண்டிருக்கிறது.

கோடிங் எனக்குத் தெரியாது. ஆனாலும் யாரோ ஒருவர் கணக்கிலிருந்து இரண்டு முறை பணம் போகலாம் என்பது எனக்கே புரிகிறது. அதைக் கவனித்தவனை ‘நோண்டுகிறான்’ என்கிறீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள், இதில் நான் அவன் பக்கம். தனியாகக் கேட்டிருக்கலாம், சரி. ஆனால் அப்படிக் கேட்கப் பழக்கியதே நீங்களாகத்தான் இருக்கும், வேலை கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தானே? அவனை லீட் ஆக்கியதில் மேனேஜரின் ஓரவஞ்சனை எவ்வளவோ, முழுக்க அநியாயம் என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

கம்பெனி மாறினாலும் இது கூடவே வரும். அங்கேயும் ஏஐ இருக்கும், அங்கேயும் ஒருவன் ‘இது எதுக்கு அக்கா’ என்பான். உங்கள் அனுபவத்துக்கு ‘எனக்கும் இது புரியல, வா சேர்ந்து பார்க்கலாம்’ என்று சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது. புதிதாகச் சேர்ந்தவர்தான் அப்படிச் சொல்லப் பயப்பட வேண்டும்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவே இல்லை. அந்த பேமென்ட் கோடு என்ன ஆயிற்று? சரிசெய்தாயிற்றா, இல்லை அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள், அவனையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு. ராஜினாமா பற்றி அப்புறம் எழுதுங்கள்.