மைதானம் பாதி காலியாக இருக்கும் பவுல் ஆட்டங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: டிசம்பர் மாதம் ஈஎஸ்பிஎன் சேனலைத் திருப்பினால் தினம் ஏதாவது ஒரு கல்லூரி பவுல் ஆட்டம் ஓடுகிறது. இருக்கைகள் பாதி காலி. டிக்கெட்டே விற்காத ஆட்டத்தை வருடா வருடம் எப்படி நடத்துகிறார்கள்? ஆடப் போகும் கல்லூரிகளுக்கு நஷ்டம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். அதில் மிகவும் பேசப்பட்ட நஷ்டம் ஒன்று நடந்த இரவில் நான் அந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது அரிசோனாவில் சாண்ட்லர் என்ற ஊரில் வேலை. 2011 ஜனவரி 1 அன்று பக்கத்தில் கிளெண்டேலில் ஃபியஸ்டா பவுல். ஓக்லஹோமா பல்கலைக்கழகமும் கனெக்டிகட் பல்கலைக்கழகமும் மோதின. அலுவலக நண்பர் ஒருவர் ஓக்லஹோமாக்காரர். "வா, ஒரு தடவை பார், அப்புறம் சொல்" என்று இழுத்துக்கொண்டு போனார். டிக்கெட்டை முதல் நாள் ராத்திரி இணையத்தில் மறுவிற்பனைத் தளம் ஒன்றில் வாங்கினோம். அதில் அச்சிட்டிருந்த விலையில் பாதிகூட நாங்கள் கொடுக்கவில்லை. நல்ல இருக்கை வேறு. அந்த வயதில் எனக்கு அது அதிர்ஷ்டமாகத்தான் பட்டது. அந்த விலைக்கு ஏன் கிடைத்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டபோதுதான் இந்த விஷயத்தில் எனக்கு அக்கறையே வந்தது.

உள்ளே போனதும் ஒரு பக்கம் முழுக்கக் கருஞ்சிவப்பு, ஓக்லஹோமா ஆட்கள். எதிர்ப்பக்கம் கனெக்டிகட்டின் நீலம் திட்டுத் திட்டாகத்தான் தெரிந்தது. அவர்களுடைய பேண்டு வாத்தியக்காரர்கள் உட்கார்ந்த இடத்தைத் தாண்டினால் வரிசை வரிசையாக வெற்று நாற்காலி. அன்றைய வருகை என்று அறிவித்தது கிட்டத்தட்ட 67,000. அத்தனை பேர் உள்ளே இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்காவில் பெரும்பாலும் விற்ற, வினியோகித்த டிக்கெட்டைத்தான் வருகை என்று சொல்வார்கள். காலி நாற்காலிக்கும் யாராவது காசு கொடுத்திருந்தால் அது கணக்கில் ஏறிவிடும்.

அந்தக் காலி நாற்காலிகளுக்குக் காசு கொடுத்தது கனெக்டிகட் பல்கலைக்கழகமே.

பவுல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் வேறு. இது முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். கல்லூரிகளின் வழக்கமான பருவம் நவம்பர் கடைசியோடு முடியும். அதன் பிறகு ஓரளவு நன்றாக ஆடிய அணிகளை, பொதுவாக ஆறு வெற்றியாவது பெற்றவற்றை, வேறொரு ஊருக்கு அழைத்து ஒரே ஒரு ஆட்டம் ஆட வைப்பார்கள். அதுதான் பவுல். இதன் தொடக்கம் 1902இல் கலிபோர்னியாவின் பாசடீனாவில், புத்தாண்டு மலர் ஊர்வலத்தோடு சேர்த்து நடத்திய ஆட்டம். பிற்பாடு அங்கே கட்டிய கிண்ண வடிவ மைதானத்துக்கு ரோஸ் பவுல் என்று பெயர் வைக்க, ஆட்டத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 1935இல் மயாமி, நியூ ஆர்லியன்ஸ், எல் பாசோ மூன்றும் ஆரஞ்சு, சர்க்கரை, சூரியன் என்ற பெயர்களில் தங்கள் பவுல்களைத் தொடங்கின. பெருமந்தக் காலம் அது. குளிரில் வாடும் வடக்கத்தியர்களை வெயில் ஊருக்கு வரவழைத்து ஓட்டல், சாப்பாட்டுக்கடை, டாக்சி எல்லாவற்றுக்கும் வியாபாரம் தருவதுதான் நோக்கம். இன்றைக்கும் பல பவுல்களை நடத்துவது உள்ளூர்ப் பிரமுகர்கள் சேர்ந்த லாபநோக்கற்ற சங்கங்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

விருந்தாளி வருவார் என்று நம்பி ஓட்டலைத் திறந்து வைத்தால் போதாதே. வராமல் போனால்? அந்தப் பயத்தை இறக்கி வைக்கத்தான் ஒப்பந்தத்தில் டிக்கெட் உத்தரவாதம் என்று ஒன்று வைத்தார்கள். அழைப்பை ஏற்கும் கல்லூரி இத்தனை டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கே எடுத்துக்கொள்ள வேண்டும். விற்றாலும் விற்காவிட்டாலும் பணம் கட்டியாக வேண்டும். இத்தனை அறையை, இத்தனை இரவுக்கு, அவர்கள் சொல்லும் ஓட்டலில் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வரும்.

கனெக்டிகட்டுக்கு வந்த பங்கு 17,500 டிக்கெட். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஸ்டோர்ஸ் ஒரு சின்ன ஊர். அங்கிருந்து கிளெண்டேல் நான்காயிரம் கிலோமீட்டர் இருக்கும். புத்தாண்டுச் சமயம், விமானக் கட்டணம் உச்சத்தில். போதாததற்கு, நான் வாங்கிய மாதிரியே அவர்களின் ரசிகர்களும் இணையத்தில் மலிவாக வாங்க முடியும்போது பல்கலைக்கழகத்திடம் முழு விலை கொடுத்து ஏன் வாங்குவார்கள்? ஐயாயிரம் டிக்கெட்கூட அவர்களால் விற்க முடியவில்லை. விற்காத டிக்கெட்டால் மட்டும் கையைக் கடித்தது சுமார் 29 லட்சம் டாலர். பயணம், தங்கல், டிக்கெட் எல்லாம் சேர்ந்து செலவு 40 லட்சம் டாலரைத் தாண்டியது. அவர்கள் சார்ந்த பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸ், அதாவது தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு, செலவுக்கென்று கொடுத்தது ஏறக்குறைய 25 லட்சம். துண்டு விழுந்தது 16 லட்சத்துக்கு மேல்.

ஆட்டத்திலும் 48-20 என்று தோல்வி. ஆட்டம் முடிந்த கையோடு அவர்களுடைய தலைமைப் பயிற்சியாளர் ராண்டி எட்சல், அணியோடு ஊர் திரும்பாமல் மேரிலாந்து பல்கலைக்கழக வேலைக்குப் போய்விட்டார். பேண்டில் ஊதிய அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் கஷ்டமாக இருக்கிறது. கடைசி நிமிடம் வரை நின்று வாசித்தார்கள்.

கனெக்டிகட் மட்டும்தான் இப்படி மாட்டியது என்று நினைக்க வேண்டாம். 2009 ஆரஞ்சு பவுலில் வர்ஜீனியா டெக்குக்கும் இதே 17,500 டிக்கெட்தான். அவர்கள் விற்றது மூவாயிரத்துச் சொச்சம்.

அப்படியானால் கல்லூரிகள் ஏன் கையெழுத்துப் போட்டன? பவுல் தரும் பெரிய தொகை நேராகக் கல்லூரிக்கு வருவதில்லை. கான்ஃபரன்ஸுக்குப் போய், அங்கே எல்லா உறுப்பினர்களுக்கும் பங்கு பிரியும். பெரிய பவுல்களுக்கு அணிகளைத் தேர்ந்தெடுத்த, அந்தக் காலத்து பிசிஎஸ் என்ற முறையில் பெரிய பவுல் ஒன்றுக்குத் தன் சாம்பியனை அனுப்பும் கான்ஃபரன்ஸுக்கு 1.7 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. கனெக்டிகட் போக மறுத்திருந்தால் கூட்டாளிகள் எல்லோருக்கும் கிடைக்கிற பணத்துக்கு ஆபத்து. எனவே பங்கு எல்லோருக்கும், டிக்கெட் சுமை ஆடுகிறவருக்கு. கூட்டுக் குடும்பத்தில் ஊருக்கெல்லாம் சாப்பாடு போட்டுவிட்டு ஒருவர் மட்டும் பாத்திரக்கடைக் கடனை அடைத்த கதை.

இது தவிர வேறு கணக்குகளும் உண்டு. பவுலுக்குப் போகும் அணிக்கு டிசம்பர் முழுக்கக் கூடுதல் பயிற்சி நாள்கள் கிடைக்கும். அடுத்த ஆண்டு புதிய மாணவர்களைச் சேர்க்கும்போது "நாங்கள் பவுலுக்குப் போனோம்" என்று சொல்லலாம். பயிற்சியாளர்கள் பலருடைய ஒப்பந்தத்தில், சில இடங்களில் விளையாட்டுத் துறை இயக்குநர் ஒப்பந்தத்திலும், பவுலுக்குப் போனால் போனஸ் என்று எழுதியிருக்கும். போவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் மேசையில் இருப்பவருக்குப் போனால் லாபம். போவதற்கான செலவு பல்கலைக்கழகத்தின் பொதுக் கணக்கில். இது எனக்குச் சரியாகவே படவில்லை. அரசுப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டுத் துறையின் பற்றாக்குறையை மாணவர் கட்டணமும் பல்கலைக்கழக நிதியும்தான் பல இடங்களில் ஈடு கட்டுகின்றன. மைதானத்துக்கு வராத மாணவனும் அந்தக் காலி நாற்காலிக்குக் காசு கொடுத்திருக்கிறான்.

மறுபக்கம் அந்தப் பவுல் சங்கம் என்ன செய்துகொண்டிருந்தது என்பது மூன்று மாதத்தில் வெளிவந்தது. 2011 மார்ச்சில் ஃபியஸ்டா பவுல் தானே நியமித்த விசாரணைக் குழு 276 பக்க அறிக்கை கொடுத்தது. ஊழியர்களை அரசியல்வாதிகளுக்கு நன்கொடை கொடுக்கச் சொல்லி, அந்தப் பணத்தைச் சங்கத்திலிருந்தே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். வரிவிலக்குப் பெற்ற தர்ம ஸ்தாபனம் இதைச் செய்யவே கூடாது. தலைமை நிர்வாகி ஜான் ஜங்கரின் ஐம்பதாவது பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு மட்டும் 33,000 டாலருக்கு மேல் சங்கத்தின் செலவு. அவர் பதவி போனது. பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2014இல் எட்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். பவுலுக்கு பிசிஎஸ் 10 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. கனெக்டிகட் கட்டிய தொகையையும் அந்த விருந்துச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்கு வந்த கோபம் முழுக்க இன்னும் போகவில்லை.

சரி, உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு வருகிறேன். நீங்கள் டிசம்பரில் பார்ப்பது ஃபியஸ்டா போன்ற பெரியவை அல்ல, சிறு பவுல்கள். அங்கே டிக்கெட் வருமானம் இல்லாவிட்டாலும் ஆட்டம் நடக்கும். ஏனென்றால் அவற்றில் பலவற்றை நடத்துவதே ஈஎஸ்பிஎன்தான். அந்த நிறுவனத்தின் ஒரு பிரிவு பதினைந்து வாக்கில் பவுல்களைச் சொந்தமாக வைத்திருக்கிறது. டிசம்பர் மத்தியில், வார நாள் மாலையில், நேரலையாகக் காட்ட ஒரு விளையாட்டு வேண்டும். பெயர் தெரியாத இரண்டு அணிகள் ஆடினாலும் வீட்டில் பத்து லட்சம் பேருக்கு மேல் பார்க்கிறார்கள். மூன்றரை மணி நேர நிகழ்ச்சி, இடையிடையே விளம்பரம். அந்தக் கணக்கில் மைதானம் ஒரு படப்பிடிப்புத் தளம் மாதிரி. ஆள் நிறைந்தால் அழகு, நிறையாவிட்டாலும் படம் ஓடும்.

அடுத்தது பெயர் விற்பனை. 1990 வாக்கில் ஷ்ரீவ்போர்ட்டின் இண்டிபெண்டன்ஸ் பவுலுக்குப் புல்வெட்டும் கருவிக் கம்பெனியான பௌலன் வீட் ஈட்டர் பெயர் வைத்தபோது நாடே பேசியது. இன்று அது சாதாரணம். வட கரோலினாவின் சார்லட்டில் டியூக்ஸ் மயோ பவுலில் வென்ற பயிற்சியாளர் தலையில் மயோனைஸைக் கவிழ்ப்பார்கள். அதற்கு ஈடாக ஒரு தர்மத்துக்கு நன்கொடை போகும். 2023இல் ஆர்லாண்டோவில், டோஸ்டரில் சுட்டுத் தின்னும் பாப்-டார்ட்ஸ் என்ற தின்பண்டத்தின் பெயரில் நடந்த பாப்-டார்ட்ஸ் பவுல், சாப்பிடக்கூடிய வேடப்பாத்திரம் ஒன்றைப் பெரிய டோஸ்டருக்குள் இறக்கி, வென்ற கன்சாஸ் ஸ்டேட் அணிக்கே தின்னக் கொடுத்தது. அந்த ஒரு காட்சி இணையம் முழுக்கச் சுற்றியது. ஸ்பான்சர் காசு கொடுப்பது இதற்குத்தான். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற குழந்தைகளுக்கு இது பிடிக்கிறது, எனக்கும் பிடிக்கிறது.

2014க்குப் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. முன்னணி அணிகள் சுற்றுச் சுற்றாக மோதி சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃப் முறை, பிசிஎஸ்ஸுக்குப் பதிலாக வந்தது. ஈஎஸ்பிஎன் 12 ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. தொலைக்காட்சிப் பணம் பெருகியதும் கான்ஃபரன்ஸ்கள் பேரம் பேசி டிக்கெட் உத்தரவாதங்களைக் குறைத்தன; விற்காத டிக்கெட்டின் சுமையைக் கூட்டாக ஏற்கும் வழக்கமும் பரவியது. இன்றைய 12 அணி பிளேஆஃபில் இடம்பிடித்தாலே கான்ஃபரன்ஸுக்கு 40 லட்சம் டாலர், அதோடு ஒவ்வொரு சுற்றுக்கும் பயணச் செலவுக்கு 30 லட்சம். கனெக்டிகட்டுக்கு நேர்ந்தது இந்த மேல்தட்டில் இப்போது நேராது. சிறு கான்ஃபரன்ஸ் அணிகளுக்கு அப்படிச் சொல்ல முடியாது. அவர்கள் போகும் பவுல் தரும் தொகையே சில லட்சம் டாலர்தான், விமானமும் ஓட்டலும் அதை விழுங்கிவிடும்.

2024 டிசம்பரில் அந்தப் பிளேஆஃபின் முதல் சுற்று ஆட்டங்களைக் கல்லூரிகளின் சொந்த மைதானங்களில் வைத்தார்கள். சவுத் பெண்டில் நோட்ர டேம் இண்டியானாவை எதிர்கொண்டது. கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட் டென்னசியை. கடுங்குளிர், ஆனாலும் மைதானம் நிரம்பி வழிந்தது. ரசிகனுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அதைவிட நேரான பதில் கிடையாது. பண்டிகை வாரத்தில் விமானம் ஏறி, கட்டாய ஓட்டலில் தங்கத்தான் அவர்களுக்கு இஷ்டமில்லை.

ஆடும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல வருடம் அவர்களுக்கு பவுல் தந்தது 550 டாலர் வரம்புக்குள் ஒரு பரிசுப் பை. 2016 ஜனவரி 1 ஃபியஸ்டா பவுலில் நோட்ர டேமின் ஜேலன் ஸ்மித்துக்கு முழங்கால் போனது. தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் வரிசையில் போக வேண்டியவர் இரண்டாம் சுற்றுக்கு இறங்கி, பெரும் தொகையை இழந்தார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே லியோனார்ட் ஃபோர்னெட், கிறிஸ்டியன் மெக்காஃப்ரி என்ற நட்சத்திர வீரர்கள் இருவரும் பவுல் ஆடமாட்டோம் என்று ஒதுங்கினார்கள். திட்டினவர்கள் நிறைய. எனக்கு அவர்கள் செய்தது முழுக்க நியாயமாகவே பட்டது. 2023 ஆரஞ்சு பவுலுக்கு ஃபுளோரிடா ஸ்டேட் ஏகப்பட்ட வீரர்கள் இல்லாமல் வந்து ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றதும் இதே போக்கின் தொடர்ச்சி. அப்படி ஒரு ஆட்டத்துக்கு நூற்றுக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்க எத்தனை பேர் முன்வருவார்கள்?

கடைசியாக, உங்கள் பிள்ளையோ நீங்களோ படித்த கல்லூரி ஏதாவது ஒரு பவுலுக்குப் போனால், மறுவிற்பனைத் தளத்துக்குப் போகும் முன் கல்லூரியின் டிக்கெட் அலுவலகத்தில் ஒரு தடவை விலை கேளுங்கள். அங்கே வாங்கும் டிக்கெட்தான் அவர்கள் பங்கில் கழியும். எந்த அணியின் ரசிகர்கள் எத்தனை பேர் பயணம் செய்து வருகிறார்கள் என்பதை அடுத்த ஆண்டு அழைப்பு அனுப்பும்போது பவுல்காரர்கள் பார்ப்பார்கள். நேரில் போக முடியாதவர்கள் டிக்கெட் வாங்கி, மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ராணுவக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் ஏற்பாட்டையும் பல கல்லூரிகள் செய்கின்றன. 2011இல் இது எனக்குத் தெரிந்திருந்தால் அந்த மலிவு டிக்கெட்டை விட்டுவிட்டுக் கனெக்டிகட் பக்கத்தில் ஒரு நாற்காலி வாங்கியிருப்பேன்.