சிறிய கல்லூரியில் நீச்சல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை நெடுநாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் பதினோராம் வகுப்பு. எட்டு வயதிலிருந்து நீந்துகிறாள். விடிகாலை நாலரைக்கு எழுந்து அவளை நீச்சல் குளத்தில் இறக்கிவிட்டு, காருக்குள்ளேயே லேப்டாப்பைத் திறந்து ஆபீஸ் வேலையை ஆரம்பிப்பது எனக்குப் பழகிப்போய்விட்டது. 200 கஜம் பட்டர்ஃப்ளைதான் அவளுடைய பந்தயம், 2 நிமிடம் 7 விநாடியில் முடிக்கிறாள். ஓஹியோ, பென்சில்வேனியா பக்கம் இருக்கும் மூன்று சிறிய கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் அவளுக்கு எழுதியிருக்கிறார்கள். மூன்றுமே டிவிஷன் 3, அதாவது கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவு. அவளுக்குப் போக ஆசை. என் கணவர், "ஸ்காலர்ஷிப்பும் கிடையாது, பேரும் யாருக்கும் தெரியாது, இதற்கா இத்தனை வருஷம் அலைந்தோம், பேசாமல் நம் மாநிலப் பல்கலைக்கழகம் ரட்கர்ஸ் போகட்டும்" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே படுகிறது. அப்படி ஒரு கல்லூரியில் வேலை பார்த்ததாக நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். என்ன சொல்கிறீர்கள்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் ஸ்காலர்ஷிப் விஷயத்தைப் பேசிவிடுவோம், உங்கள் வீட்டு வாக்குவாதம் அதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. டிவிஷன் 3 கல்லூரிகள் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது, அது விதி. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1973-இல் மூன்று பிரிவாகப் பிரிந்தது, அதில் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகளோடு மூன்றாவதுதான் இன்று மிகப் பெரியது. அதெல்லாம் சரி, டிவிஷன் 1 போயிருந்தால் முழுப் பணமும் கிடைத்திருக்கும் என்று உங்கள் கணவர் நினைத்திருந்தால், நீச்சலில் அது எப்போதுமே அபூர்வம். பல ஆண்டுகளாக ஒரு டிவிஷன் 1 பெண்கள் அணிக்கு இருந்த உச்சவரம்பே 14 ஸ்காலர்ஷிப், ஆண்கள் அணிக்கு 9.9. அதையும் காலும் அரையுமாகப் பிரித்து முப்பது பேருக்குக் கொடுப்பார்கள். மாணவ வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025-இல் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசத் தீர்வுக்குப் பிறகு பெரிய பல்கலைக்கழகங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க ஆரம்பித்துவிட்டன, கூடவே ஒவ்வொரு அணியிலும் எத்தனை பேர் இருக்கலாம் என்று வரம்பும் வந்தது. அந்த வரம்பில் இடம் போன பிள்ளைகளில் நீச்சல்காரர்கள் நிறைய. ரட்கர்ஸ் பெண்கள் அணி, பிக் டென் என்ற பெரிய பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பில் நீந்துகிறது. அங்கே இந்தப் பந்தயத்தில் புள்ளி எடுக்கிறவர்கள் பெரும்பாலும் 2 நிமிடத்தை ஒட்டி முடிப்பவர்கள். உங்கள் மகளின் 2:07 நல்ல நேரம், ஆனால் அந்த அணிக்கான நேரம் இல்லை. ஆகவே ரட்கர்ஸ் என்றால் படிப்புக்காகத்தான், நீச்சலை கிளப் அளவில் வைத்துக்கொள்ளலாம். அது கௌரவமான தேர்வு, செலவும் கணிசமாகக் குறைவு. அதை மட்டமாக நினைக்க வேண்டாம்.

ஆனால் ஸ்காலர்ஷிப் இல்லை என்பதை உங்கள் கணவர் ஒரு நஷ்டமாகப் பார்க்கிறார், எனக்கு அதுதான் இந்த இடங்களின் பெரிய பலமாகத் தெரிகிறது. டிவிஷன் 3 கல்லூரி உங்கள் மகளுக்குப் பண உதவி செய்தால், அது அவள் மதிப்பெண்ணுக்காகவோ உங்கள் குடும்ப வருமானத்துக்காகவோ வந்ததாகத்தான் இருக்க முடியும். இரண்டாம் வருடம் தோள்பட்டை போய்விட்டது, அல்லது வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்க ஆசை வந்துவிட்டது, அல்லது ஒரு நாள் காலையில் எழுந்து போதும் என்று தோன்றிவிட்டது, எதுவானாலும் அவள் அணியை விட்டு விலகலாம், அந்தப் பணம் அப்படியே இருக்கும். பயிற்சியாளர் அதில் கை வைக்க முடியாது. இத்தனை வருடமாக அவள் நீந்துவதில் உங்கள் உழைப்பும் காசும் கலந்திருக்கிறது, அதனாலேயே ஒருநாள்கூட "இன்றைக்கு வேண்டாம்" என்று அவளால் முழு மனதோடு சொல்லியிருக்க முடியாது. அவள் முதல்முறையாக, தனக்கு வேண்டும் என்பதற்காக மட்டும் நீந்தப்போகிற இடமாக இது இருக்கலாம். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, டிவிஷன் 3 என்றால் விளையாட்டு லேசானது என்ற எண்ணம் நம்மவர்களிடம் இருக்கிறது. ஓஹியோவில் காம்பியர் என்று ஒரு சின்ன ஊர், அங்கே கென்யன் கல்லூரி, 2000 மாணவர்கள்கூடக் கிடையாது. அதன் ஆண்கள் நீச்சல் அணி 1980 முதல் 2010 வரை தொடர்ந்து 31 வருடம் தேசிய சாம்பியன். பயிற்சியாளர் ஜிம் ஸ்டீன் ஆண்கள், பெண்கள் அணிகளைச் சேர்த்து 50 தேசியப் பட்டங்கள் வாங்கிக்கொடுத்தவர். அந்தத் தொடரை 2011-இல் முறித்தது அதே ஓஹியோவில் பக்கத்தில் இருக்கும் டெனிசன் பல்கலைக்கழகம், 500.5-க்கு 499.5, ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். ஒரு ரிலேயில் ஒரு கை சுவரைத் தொடுவது கொஞ்சம் பிந்தியிருந்தால் கணக்கு மாறியிருக்கும். இந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் நீந்துவதற்காகப் பணம் கிடையாது. மறுபக்கம், இதே டிவிஷன் 3-இல்தான் கலிஃபோர்னியாவின் புகழ்பெற்ற அறிவியல் கல்வி நிலையமான கால்டெக்கும் இருக்கிறது. அதன் ஆண்கள் கூடைப்பந்து அணி கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில், அதாவது தன் கல்லூரிக் கூட்டமைப்புக்குள் நடக்கும் ஆட்டங்களில், தொடர்ந்து 310 முறை தோற்று, 2011 பிப்ரவரியில் ஆக்ஸிடென்டல் கல்லூரியை 46-45 என்று ஜெயித்தது. தோற்றுக்கொண்டிருந்த அத்தனை வருடமும் சாயங்காலமானால் பயிற்சிக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். எம்.ஐ.டி., சிகாகோ, எமரி, கார்னகி மெலன் எல்லாமே டிவிஷன் 3 என்பதையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், பேர் தெரியாத கூட்டம் என்ற எண்ணம் கொஞ்சம் மாறும். ஆக, டிவிஷன் 3 என்ற சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஒவ்வொரு கல்லூரியையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

நான் வேலை பார்த்தது பென்சில்வேனியாவில், மலைப்பாங்கான ஒரு சின்ன ஊரில், கல்லூரி நூலகத்தில். நீச்சல் அணியை அங்கே யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. காலை ஏழே முக்காலுக்கு டைனிங் ஹாலில் ஈரத்தலையோடு, ஹூடிக்குள் கையை இழுத்துக்கொண்டு, ஒரு நீள மேசையில் எட்டுப்பத்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். தட்டில் முட்டையும் வாஃபிளும் மலைபோல் குவிந்திருக்கும், தட்டுகளுக்கு நடுவில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி தாள் ஒன்று சிரப் கறையோடு கைமாறும். அந்த மேசையில் மூன்றாம் வருடப் பெண் ஒருத்தி முதல் வருடப் பையனுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருப்பதைப் பல நாள் பார்த்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் விடுமுறையில் கல்லூரியே காலியாகி பனியில் மூடிக்கிடக்கும்போது இவர்கள் மட்டும் ஜனவரி முதல் வாரமே திரும்பி வந்து தினம் இரண்டு வேளை நீந்துவார்கள். அப்போது நூலகத்தில் அவர்களும் நாங்களும்தான். வேதியியல் ஆசிரியர் ஒருவர், மதியம் ஆய்வகம் நீண்டுவிட்டால் யார் யாருக்குப் பயிற்சிக்கு ஓட வேண்டும் என்று பெயரோடு தெரிந்து வைத்திருப்பார். இருநூறு பேர் உட்காரும் வகுப்பில் இதை எதிர்பார்க்க முடியாது.

இதைப் படித்துவிட்டு உடனே சரி என்று முடிவெடுத்துவிடாதீர்கள். எல்லாச் சிறிய கல்லூரிகளும் ஒன்றல்ல, இங்கேதான் நான் உங்களை எச்சரிக்க வேண்டும். நிறைய சிறிய தனியார் கல்லூரிகளுக்கு இன்று மாணவர்கள் கிடைப்பதே பாடாக இருக்கிறது. அவை கண்டுபிடித்த வழிகளில் ஒன்று விளையாட்டு. புதிதாக ஓர் அணியைத் தொடங்கினால் முப்பது பேர் கட்டணம் கட்டி வருவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பயிற்சியாளருக்கு வருடத்துக்கு இத்தனை பேரைக் கொண்டுவர வேண்டும் என்று மேலிடம் ஓர் எண்ணிக்கை வைத்திருக்கும். அவர் உங்கள் மகளுக்கு எழுதும் அன்பான கடிதம் பொய் என்று சொல்லவில்லை, ஆனால் அதே கடிதம் ஐந்நூறு பேருக்குப் போயிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. அணியின் இணையப் பக்கத்தில் பழைய வருடங்களின் பெயர்ப்பட்டியல் பெரும்பாலும் இருக்கும். மூன்று வருடத்துக்கு முந்தைய பட்டியலில் முதல் வருடப் பெண்கள் யார் யார் என்று எழுதிக்கொண்டு, இந்த வருடப் பட்டியலில் அவர்களைத் தேடுங்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒன்பது பேர் இன்னும் இருந்தால் அது நல்ல அணி. மூன்று பேர்தான் மிச்சம் என்றால், பயிற்சியாளர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் மற்ற ஒன்பது பேர் ஏன் போனார்கள் என்று மகளே அவரிடம் கேட்கட்டும்.

கல்லூரி மூடப்படுவதும் கற்பனை இல்லை. அலபாமாவில் பர்மிங்ஹம்-சதர்ன் கல்லூரி 1856-இல் தொடங்கியது. பணமில்லாமல் 2024 மே 31 அன்று மூடியது. அன்றைக்கு அதன் பேஸ்பால் அணி எங்கே இருந்தது தெரியுமா, ஓஹியோவில், டிவிஷன் 3 உலகத் தொடர் என்ற தேசிய இறுதிப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தது. கல்லூரியே இல்லாத அணியாக அடுத்த நாள் ஓர் ஆட்டத்தை ஜெயிக்கவும் செய்தார்கள், அதற்கடுத்த நாள் தோற்று வெளியேறினார்கள். அந்தப் பையன்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் வெல்ஸ் கல்லூரி அதே வருடம் ஏப்ரல் கடைசியில் அறிவித்து அந்த செமஸ்டரோடு மூடிவிட்டது. ஆகவே மூன்று கல்லூரிகளிலும் கடந்த பத்து வருடத்தில் மாணவர் எண்ணிக்கை ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். லாப நோக்கமற்ற தனியார் கல்லூரிகள் வருமான வரித்துறைக்குக் கொடுக்கும் படிவம் 990 பொதுவில் கிடைக்கும், அதில் வரவும் செலவும் இருக்கும். உங்கள் கணவருக்கு இந்த வேலையைக் கொடுங்கள், அவருடைய சந்தேகத்துக்கு இது சரியான இடம்.

செலவைப் பற்றி: சில கல்லூரிகளில் அறிவிக்கப்பட்ட மொத்தச் செலவு வருடத்துக்கு 90,000 டாலரைத் தொடுகிறது. அந்த எண்ணைப் பார்த்து ஓட வேண்டாம், நம்பவும் வேண்டாம். வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் மாதிரி பேர்பெற்ற சிறிய கல்லூரிகள் குடும்பத்தின் பணத் தேவையை மட்டும் பார்த்து உதவி செய்கின்றன, இரண்டு பேரும் ஐ.டி. சம்பளம் வாங்கும் வீட்டுக்கு அங்கே அதிகம் கிடைக்காது. கென்யன், டெனிசன் போன்றவை படிப்புக்காகவும் உதவித்தொகை தருகின்றன. இன்னும் கீழே போனால் அறிவித்த கட்டணத்தில் பாதியைத் தள்ளிவிடும் கல்லூரிகள் ஏராளம். ஒவ்வொரு கல்லூரியும் தன் தளத்தில் நிகரச் செலவு கணக்கிடும் கருவி வைத்திருக்க வேண்டும் என்பது 2011-லிருந்து சட்டம். ஓர் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து மூன்று கல்லூரிக்கும் போட்டுப்பாருங்கள். அப்புறம் கடன் வாங்காமல் வருடத்துக்கு எவ்வளவு தர முடியும் என்பதை மகளிடம் வெளிப்படையாக, ஓர் எண்ணாகவே சொல்லிவிடுங்கள். நம் வீடுகளில் பிள்ளைகளிடம் பணக்கணக்கைப் பேசாமல் மறைப்பதைப் பாசம் என்று நினைக்கிறோம். கடைசி நேரத்தில் "முடியாது" என்று சொல்வதைவிட இப்போதே சொல்லிவிடுவது எவ்வளவோ மேல்.

இதிலெல்லாம் கொஞ்சம் அவசரமும் இருக்கிறது, ஜூலையிலிருந்து பயிற்சியாளர்கள் மதிப்பெண் பட்டியலைக் கேட்பார்கள். அதை அட்மிஷன் அலுவலகத்துக்கு அனுப்பி, இந்தப் பெண் விண்ணப்பித்தால் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுச் சொல்வார்கள், இதைத்தான் ப்ரீ-ரீட் என்கிறார்கள். பதில் சாதகமாக இருந்தால், நவம்பரில் ஏர்லி டிசிஷனில் விண்ணப்பிக்கச் சொல்வார்கள். ஏர்லி டிசிஷன் கட்டுப்படுத்தும், கிடைத்தால், உதவித்தொகை போதவில்லை என்ற காரணம் தவிர, அங்கேதான் போக வேண்டும், வேறு இடத்தோடு விலை ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. அதனால் ப்ரீ-ரீட் கேட்கும்போதே உதவித்தொகை மதிப்பீட்டையும் எழுத்தில் கேளுங்கள், பல கல்லூரிகள் கொடுக்கும். கொடுக்க மாட்டோம் என்கிற கல்லூரிக்கு ஏர்லி டிசிஷனில் கையெழுத்துப் போட வேண்டாம் என்பது என் கருத்து. பயிற்சியாளரின் வாய்ச்சொல் அட்மிஷன் ஆகாது, இதையும் மகளுக்குச் சொல்லி வையுங்கள்.

நேரில் போவதாக இருந்தால் இலையுதிர்கால வண்ணங்களைப் பார்க்கப் போகாதீர்கள். பிப்ரவரியில் போயிருக்கலாம், அது முடிந்துவிட்டது, இப்போதே ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போகட்டும். அணிப் பெண்களின் விடுதியில் ஓர் இரவு தங்கட்டும், நீங்கள் வெளியே ஓட்டலில் இருங்கள். பயிற்சியாளர் இல்லாத இடத்தில் அந்தப் பெண்கள் அவரைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள், கான்ஃபரன்ஸ் போட்டிக்கு எத்தனை பேரைக் கூட்டிப்போவார்கள், 2:07 வைத்துக்கொண்டு அவள் அதில் இருப்பாளா, வளாகத்தில் நம் ஊர் முகங்கள் எத்தனை, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு எங்கே போகிறார்கள், இதெல்லாம் அந்த ஓர் இரவில் தெரிந்துவிடும். கடைசி இரண்டையும் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். அருகில் கோயிலோ கடையோ இல்லாத கிராமத்தில் நாலு வருடம் தனியாகத் தெரிவது எல்லோருக்கும் ஒத்துவராது. சில பிள்ளைகள் அதில் மலர்ந்தார்கள், சிலர் முதல் டிசம்பரிலேயே மூட்டை கட்டியதையும் பார்த்திருக்கிறேன்.

மூன்று கல்லூரிகளின் பெயரையும் எனக்குத் தனி மின்னஞ்சலில் அனுப்புங்கள். ப்ரீ-ரீட் பதிலும் உதவித்தொகை மதிப்பீடும் வந்ததும் அவற்றையும் சேர்த்து அனுப்பினால் வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன். பயிற்சியாளர்களுக்குப் பதில் எழுதுவதையும் போனில் பேசுவதையும் மட்டும் உங்கள் மகளிடமே விட்டுவிடுங்கள்.