நாற்பது பேரும் ஒரு கட்சியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். என் மகள் இளங்கலை இரண்டாமாண்டு படிக்கிறாள். சில மாதங்களாக அவளும் அவளுடன் படிப்பவர்களுமாக நாற்பது பேர் சேர்ந்து ஒரு கட்சிக்காக வேலை செய்கிறார்கள். விடுமுறை நாட்களில் ஊர் ஊராகச் சென்று துண்டறிக்கை கொடுக்கிறார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று வீடு வீடாகச் சரிபார்க்கிறார்கள். இரவு பதினொரு மணி வரை வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால், “1967-இல் மாணவர்கள்தான் ஆட்சியை மாற்றினார்கள், காமராஜரையே தோற்கடித்தது ஒரு மாணவர்தான், தெரியுமா அப்பா?” என்கிறாள். கல்லூரியில் சேர்த்தபோது, எந்த அரசியல் நடவடிக்கையிலும் ஈடுபட மாட்டேன் என்ற உறுதிமொழித் தாளில் அவளும் நானும் கையெழுத்திட்டிருக்கிறோம். படிக்கிற வயதில் கட்சி வேலை தேவையா? நான் தடுப்பதா, விட்டுவிடுவதா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். உங்கள் மகளுக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டது. யாருக்கு வாக்களிப்பது என்று தீர்மானிக்கும் தகுதி அவருக்கு உண்டு என்று அரசியல் சட்டம் சொல்லும்போது, யாருக்கு வாக்களிக்கலாம் என்று பக்கத்து வீட்டாரிடம் பேசும் தகுதி மட்டும் இல்லை என்று நீங்களோ நானோ சொல்ல முடியாது. உறுதிமொழித் தாளைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். வளாகத்துக்குள் கூட்டம் நடத்தாமல், கல்லூரியின் பெயரைப் பயன்படுத்தாமல், விடுமுறை நாளில் சொந்த ஊரில் செய்கிற வேலையை அந்தத் தாள் எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்பதே ஐயத்துக்குரியது. மாணவர்களிடம் அரசியல் வேண்டாம் என்று எழுதி வாங்கும் நிர்வாகங்களில் பல, ஆண்டு விழாவுக்கு அமைச்சரை அழைக்க ஆறு மாதம் முன்பே தேதி கேட்டுக் காத்திருக்கின்றன என்பதையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நான் விரிவாகப் பேச விரும்புவது உங்கள் மகள் சொன்ன 1967 பற்றி. அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி அவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் மிகவும் தேவையானது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு திருத்தம். விருதுநகரில் காமராஜரை 1,285 வாக்கு வித்தியாசத்தில் வென்ற பெ. சீனிவாசன் மாணவர் தலைவராக அறியப்பட்டவர், உண்மைதான். ஆனால் சட்டமன்ற வேட்பாளருக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது அன்றும் இன்றும் விதி. வகுப்பறையிலிருந்து எழுந்து நேராக வேட்புமனு கொடுக்கப் போன பையன் அல்லர் அவர். இரண்டாண்டுகளுக்கு முன் நடந்த மொழிப் போராட்டத்தின் வழியாக வந்தவர். அந்த இரண்டாண்டுகளை விட்டுவிட்டு 1967-ஐ மட்டும் எடுத்துக்கொண்டால் கதை பிசகிவிடுகிறது.

1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழியாகிவிடும் என்ற அச்சம் தமிழகக் கல்லூரிகளில் பரவியிருந்தது. மாணவர்கள் கூடி அமைத்த இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சிக் குழு எந்தக் கட்சியின் கிளையும் அன்று. தி.மு.க. அனுதாபிகள் அதில் நிறைய இருந்தார்கள். ஆனாலும் தன் கூட்டத்தைத் தானே கூட்டியது, தன் முடிவைத் தானே எடுத்தது. ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் மூண்ட மோதல் மாநிலம் முழுக்கப் பரவியது. 27-ஆம் தேதி சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பிப்ரவரி 11 அன்று மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் பதவி விலகினார்கள். அன்றிரவே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்று உறுதியளிக்க வேண்டியிருந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: கிளர்ச்சியை நிறுத்தும்படி அண்ணா கேட்டுக்கொண்ட பிறகும் அது உடனே ஓய்ந்துவிடவில்லை. கட்சித் தலைவர் கைகாட்டினால் எழுவதும் கைகாட்டினால் அமர்வதுமான கூட்டமாக அவர்கள் இல்லை.

இந்தப் பின்னணியோடுதான் 1967 பிப்ரவரியில் அவர்கள் வாக்குக் கேட்கப் போனார்கள். அப்போது வாக்குரிமை வயது 21. அது 18 ஆனது 1989-இல்தான். ஆகவே அன்று பிரச்சாரம் செய்த இளங்கலை மாணவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கே கிடையாது. தங்களுக்கு இல்லாத வாக்கைத் தங்கள் தாயிடமும் சித்தப்பாவிடமும் பக்கத்துத் தெருப் பெரியவரிடமும் கேட்டார்கள், அந்தப் பேச்சுக்கு எடை இருந்தது. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்தவன் விடுமுறைக்கு ஊருக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து நாளிதழை உரக்கப் படித்துச் சொல்லும்போது, மேடையில் ஒலிபெருக்கி வைத்துப் பேசுபவரை நம்பாதவர்கூட அவனை நம்புவார். அப்படிப் படிக்க வந்தவர்களில் பலர் காமராஜர் முதல்வராக இருந்த ஒன்பதரை ஆண்டுகளில் ஊருக்கு ஊர் திறந்த பள்ளிகளிலிருந்து மேலே வந்தவர்கள் என்பதை நினைக்கும்போது, விருதுநகர் முடிவில் எனக்கு வெற்றிக் களிப்பைவிடச் சங்கடமே அதிகம் உண்டாகிறது.

மாணவர்கள் மட்டுமே ஆட்சியை மாற்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரிசித் தட்டுப்பாடு இருந்தது. 1966-இல் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டிருந்தது. “ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்” என்ற வாக்குறுதி அடுப்படி வரை சென்றது. ராஜாஜியின் சுதந்திராக் கட்சியிலிருந்து மார்க்சிஸ்ட் கட்சி வரை இழுத்துச் சேர்த்த கூட்டணி இருந்தது. ஜனவரி 12 அன்று சுடப்பட்ட எம்.ஜி.ஆர். கழுத்தில் கட்டுடன் படுத்திருக்கும் சுவரொட்டி இருந்தது. 234 இடங்களில் தி.மு.க. 137 இடங்களைப் பிடித்ததற்கு இவ்வளவும் காரணம்.

ஆனால் உங்கள் மகளிடம் நான் சொல்ல விரும்புவது 1967 பிப்ரவரியை அன்று, அதே ஆண்டு டிசம்பரை. ஆட்சி மாறிப் பத்து மாதம்கூட நிறையாத நிலையில், நாடாளுமன்றம் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தியது. அதனுடன் மும்மொழித் திட்டத்தை வலியுறுத்தும் தீர்மானமும் வந்தது. அந்தத் தீர்மானத்தை எதிர்த்து மாணவர்கள் மீண்டும் தெருவுக்கு வந்தார்கள். இப்போது கோட்டையில் அமர்ந்திருந்தவர்கள், இவர்களே ஊர் ஊராக நடந்து வாக்குக் கேட்டு அமர்த்தியவர்கள். ‘நம்ம ஆட்சி, கொஞ்சம் பொறுத்துப் போவோம்’ என்று அவர்கள் இருந்துவிடவில்லை. 1968 ஜனவரி 23 அன்று சட்டமன்றம் கூடி, மும்மொழித் திட்டத்தைக் கைவிட்டு இருமொழிக் கொள்கையை ஏற்றது; தேசிய மாணவர் படையில் இந்தி ஆணைச்சொற்கள் கூடாது என்றும் தீர்மானித்தது. இன்றுவரை தமிழ்நாட்டின் மொழிக் கொள்கையாக நிற்பது அந்தத் தீர்மானம்தான். அதை நிறைவேற்றிய பெருமை அண்ணாவுக்கு உரியது. நிறைவேற்ற வேண்டிய நெருக்கடியை உருவாக்கியவர்கள் மாணவர்கள். தேர்தல் பிரச்சாரத்தைக் காட்டிலும் இதையே நான் அவர்களுடைய பெரிய காரியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் கட்சிக்குக் கொடுத்த ஆதரவைத் திரும்ப எடுக்கவும் தங்களால் முடியும் என்று அவர்கள் காட்டியது அப்போதுதான்.

பிறகு அது கைநழுவியது. முன்னணியில் இருந்தவர்களில் பலர் சட்டமன்ற உறுப்பினர்களாகவும் அமைச்சர்களாகவும் ஆனார்கள். அதில் தவறு இல்லை, அவர்கள் வேறு எங்கே போவார்கள்? ஆனால் தலைவர்கள் கட்சிக்குள் சென்றபோது அமைப்பும் அவர்களோடு கரைந்துவிட்டது. கட்சிகளுக்கு மாணவர் அணிகள் உண்டாயின. மாணவர்களுக்கென்று அமைப்பு இல்லாமல் போயிற்று. 1971-இல், ராஜேந்திரன் இறந்த அதே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், முதல்வர் கருணாநிதிக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்குவதை எதிர்த்து மாணவர்கள் போராடியபோது போலீஸ் தடியடி நடந்தது. அதையடுத்து உதயகுமார் என்ற மாணவர் உயிரிழந்தார். ஆறே ஆண்டுகள்தாம் இடைவெளி. முதல் சாவுக்காகத் தமிழகமே கொதித்தது. இரண்டாவது சாவுக்காக அந்த அளவில் எழுந்து கேட்க ஓர் அமைப்பு மிஞ்சியிருக்கவில்லை.

அசாமில் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். வெளிநாட்டுக் குடியேறிகளுக்கு எதிராக 1979 முதல் ஆறாண்டுகள் போராடிய அனைத்து அசாம் மாணவர் சங்கத்தின் தலைவர்கள், 1985 ஆகஸ்டில் மத்திய அரசுடன் ஒப்பந்தம் கையெழுத்தானதும் அக்டோபரில் தாங்களே கட்சி தொடங்கி, டிசம்பரில் ஆட்சியையே பிடித்தார்கள். பிரபுல்ல குமார் மகந்தா 33 வயதில் முதல்வரானார். அவர்கள் எந்தக் கட்சிக்கும் கொடி பிடிக்கவில்லை. ஆயினும் அடுத்த தேர்தலுக்குள் அந்தக் கட்சி பிளவுபட்டு, 1991-இல் ஆட்சியை இழந்தது. ஆனால் மாணவர் சங்கம் மட்டும் கட்சிக்கு வெளியே தனியாகத் தொடர்ந்தது. இன்றும் கவுகாத்தியில் எந்த அரசும் அதன் பேச்சுக்குக் காது கொடுக்காமல் இருக்க முடிவதில்லை. நமக்கு நேர்ந்தது வேறு. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து மெரினாவில் கூடிய மாணவர்கள் எந்தக் கட்சிக் கொடியையும் உள்ளே விடவில்லை. ஒரே வாரத்தில் அவசரச் சட்டம் வந்தது, சட்ட முன்வரைவும் நிறைவேறியது. 23-ஆம் தேதி காலையில் போலீஸ் கடற்கரையைக் காலி செய்தபோது அதோடு எல்லாம் கலைந்தது. கட்சியை ஒதுக்கி வைக்கத் தெரிந்த அவர்களுக்கு, மறுநாள் கூடிப் பேச ஓர் அறைகூட இருக்கவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1980 மே மாதச் சட்டமன்றத் தேர்தலின்போது நானும் உங்கள் மகளைப் போல இரண்டாமாண்டு மாணவன். வயது 19, வாக்குக் கிடையாது. விடுதி மாணவர்கள் பதினைந்து பேர் ஒரு கட்சிக்காக இரவு முழுவதும் சுவரெழுத்து எழுதினோம். சுண்ணாம்பு அடித்து, அது காய்வதற்குள் தேநீர் குடித்துவிட்டு வந்து, நீலத்திலும் காவியிலும் எழுதுவது. சின்னத்தை வரைவதில் நான் கெட்டிக்காரன் என்று அந்த வட்டாரத்தில் பெயர் வாங்கியிருந்தேன். எங்கள் வேட்பாளர் ஜெயித்தார். கல்லூரி திறந்ததும் விடுதியில் தண்ணீர் வராத விஷயமாக அவரைப் பார்க்கப் போனோம். வாசலில் மூன்று மணி நேரம் நின்ற பிறகு, எங்களுக்கு வாளியும் தூரிகையும் கொடுத்த அதே ஒன்றியச் செயலாளர் வெளியே வந்து, “தம்பிங்க எந்த ஊரு?” என்று கேட்டார். அவர் வேண்டுமென்று அப்படிக் கேட்டதாக நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. எங்களுக்கு ஒரு பெயர் இல்லை, ஒரு கோரிக்கைத் தாள் இல்லை, தேர்தலுக்கு முன் அவரிடம் எதையும் கேட்டிருக்கவும் இல்லை. அவருக்கு நாங்கள் பதினைந்து கைகள், அவ்வளவுதான். அந்த ஆண்டு முழுக்க விடுதியில் தண்ணீர் லாரியில்தான் வந்தது.

ஆகவே தடுப்பதா விடுவதா என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில், தடுக்க வேண்டாம் என்பதுதான்; ஆனால் சில கேள்விகளைக் கேளுங்கள், அதுவும் விசாரணையாக அன்று, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆர்வத்தோடு. இந்த நாற்பது பேரும் முதலில் ஒருவரையொருவர் தேடிச் சேர்ந்து பிறகு கட்சியிடம் போனார்களா, அல்லது கட்சியின் மாணவர் அணி அமைப்பாளர் வந்து ஆள் சேர்த்தாரா? செலவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? வண்டிக்குப் பெட்ரோலும் மதியச் சாப்பாடும் கட்சி கொடுக்கிறது என்றால் அதை நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன், ஆனால் ஊரில் நிறையப் பேர் சொல்வார்கள் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். நாற்பது பேரும் சேர்ந்து வேட்பாளரிடம் எழுத்தில் கொடுத்த கோரிக்கை ஏதேனும் உண்டா? கல்லூரிக்கு வரும் பேருந்தின் நேரம், கல்வி உதவித்தொகை தாமதமாவது, மாணவியர் விடுதி என்று எதுவாகவும் இருக்கலாம்; நாட்டின் தலைவிதியாக இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தக் கோரிக்கையை வேட்பாளர் தட்டிக் கழித்தால், வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரம் துண்டறிக்கைக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்க அவர்கள் தயாரா? தேர்தல் முடிந்த பிறகும் அந்த வாட்ஸ்அப் குழு இருக்குமா, அதன் நிர்வாகி மாணவரா, கட்சிக்காரரா?

கடைசிக் கேள்விக்குக் கட்சிக்காரர் என்று பதில் வந்தால், இரவு பதினொரு மணியைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. மாணவர் என்றால், இன்னும் அரை மணி நேரம்கூடப் பேசட்டும், விடுங்கள். எப்படியிருந்தாலும் தேர்வு அட்டவணையை ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். 1980-இல் எனக்கு இரண்டு தாள்கள் அரியர் விழுந்தன, அவற்றை எழுதி முடிக்க மூன்றாமாண்டுக் கடைசி வரை ஆயிற்று.

அன்புடன்.