கலெக்டர் துணைத் தலைவர்தான்!

கேள்வி: எங்கள் மாவட்டத்துக்கு இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கான தொலைநோக்குத் திட்டம் ஒன்றை மாவட்ட ஊராட்சி தயாரிக்க வேண்டும் என்று எங்கள் வாசகர் வட்டத்தில் பேச்சு வந்தது. வருவாய்த் துறையில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், "அதெல்லாம் கலெக்டர் ஆபீஸ் வேலை. கவுன்சிலர்களுக்கு இதில் என்ன தெரியும்?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அவர் சொல்வது சரிதானா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: சட்டப்படி தப்பு. நடைமுறையைப் பார்த்தால் அவர் சொல்வதுதான் நடக்கிறது. வம்பே அங்கேதான் இருக்கிறது.

1992-ல் நிறைவேறி, 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது திருத்தம், அரசமைப்புச் சட்டத்தில் '243 இசட்-டி' என்றொரு பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டத் திட்டக் குழு அமைக்க வேண்டும் என்கிறது அது. குழுவின் மொத்த உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல், மாவட்ட ஊராட்சியிலும் நகர உள்ளாட்சிகளிலும் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் இருக்க வேண்டும். அவர்களைத் தேர்ந்தெடுப்பதும் அந்த உறுப்பினர்களேதான். தமிழ்நாட்டில் இந்தக் குழுவுக்குத் தலைவர் மாவட்ட ஊராட்சித் தலைவர். கலெக்டர் துணைத் தலைவர்! உங்கள் பெரியவர் பணியில் இருந்த காலத்தில் இது அவர் கண்ணில் படாமல் போயிருந்தால் ஆச்சரியமில்லை. பணியில் இருக்கும் பலருக்கே இது நினைவில் இருப்பதாகத் தெரியவில்லை.

குழுவின் வேலை என்ன? ஊராட்சிகளும் நகராட்சிகளும் போடும் திட்டங்களைத் தொகுத்து, மாவட்டம் முழுமைக்குமான வரைவு வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது. அப்போது எதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதையும் அதே பிரிவு சொல்லிவிடுகிறது: நிலத்தை எதற்கு எப்படிப் பயன்படுத்துவது, தண்ணீரையும் மற்ற இயற்கை வளங்களையும் எப்படிப் பகிர்வது, சாலை முதலான கட்டமைப்பு, சுற்றுச்சூழல், கையில் இருக்கும் பணம். தொலைநோக்கு என்று நீங்கள் கேட்பது ஏறக்குறைய இதைத்தான். கேட்க வேண்டிய இடம் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

கவுன்சிலர்களுக்கு என்ன தெரியும் என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் தென்காசி மாவட்ட ஊராட்சிக்கு 14 கவுன்சிலர்கள். மாவட்டத்தில் 221 கிராம ஊராட்சிகள். எந்தக் குளத்தின் மடை உடைந்து கிடக்கிறது, எந்தக் கால்வாயை யார் மறித்திருக்கிறார்கள், பீடி சுற்றும் பெண்களின் பிள்ளைகள் எந்த வகுப்போடு பள்ளியை விடுகிறார்கள் என்பதெல்லாம் இவர்களில் யாராவது ஒருவருக்கு நிச்சயம் தெரியும். இரண்டு, மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போகும் அதிகாரிக்குத் தெரியும் என்று உறுதி சொல்ல முடியாது. தெரியாத விஷயத்துக்கு நிபுணரைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம். கலெக்டரும் அதைத்தானே செய்கிறார்?

ஆனால் கவுன்சிலருக்கு எல்லாம் தெரிந்திருந்தும் கையில் என்ன இருக்கிறது? தமிழ்நாட்டில் மாவட்ட ஊராட்சிக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி ஊரகத்துக்குப் பிரித்துத் தரும் மானியத்தில் அதற்குக் கிடைப்பது நூற்றுக்கு 8 பங்கு. மத்திய அரசின் 15-வது நிதிக்குழு மானியத்திலோ 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும்தான் செலவு செய்யலாம் என்று டெல்லியிலேயே கட்டிப்போட்டு அனுப்பினார்கள். ஆறும் அணையும் நீர்வளத் துறையிடம், பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம், ஊரக வளர்ச்சி முகமை கலெக்டரிடம். அரசமைப்புச் சட்டத்தின் 11-வது அட்டவணையில் 29 துறைகளை ஊராட்சிகளுக்கென்று எழுதி வைத்ததெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். வரைவுத் திட்டத்தை அரசுக்கு அனுப்பும் கடமை குழுத் தலைவருக்கு உண்டு. வந்ததை நிதிநிலை அறிக்கையில் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அரசுக்கு இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் பகுதியில் 2016 அக்டோபரில் பழைய ஊரக உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2021 அக்டோபரில். நடுவில் ஐந்து ஆண்டுகள், கவுன்சிலர்கள் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தில் எழுதியிருக்கும்போதே இப்படி! 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களிலும் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு காலம் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். அ.தி.மு.க. ஆட்சியிலும் இது நடந்தது, தி.மு.க. ஆட்சியிலும் நடந்தது. இருபது வருடத் திட்டத்தை யாரை நம்பி எழுதுவது?

இதற்கிடையே மாவட்டமே மாறிவிடுகிறது. 2019 நவம்பர் 22 வரை நீங்கள் திருநெல்வேலி மாவட்டம். குற்றாலத்தில் இறங்கும் சிற்றாறு இன்று தென்காசி மாவட்டத்தில் தொடங்கி, திருநெல்வேலி மாவட்டத்தில் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. ஆற்றுக்கு இந்த எல்லை தெரியாது, திட்டம் எழுதுகிறவருக்குத் தெரிந்தாக வேண்டும். செண்பகவல்லி அணைக்கட்டின் உடைந்த சுவரோ கேரளத்தின் காட்டுக்குள் இருக்கிறது. அதைச் சரிசெய்யச் சொல்லி வாசுதேவநல்லூர், சிவகிரி விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மாவட்டத் தொலைநோக்கு என்று யாராவது புத்தகம் போட்டால், அட்டையில் குற்றால அருவி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம், அது கட்டாயம் இருக்கும். உள்ளே செண்பகவல்லி பற்றி ஒரு பக்கமாவது இருக்கிறதா, எந்த ஆண்டுக்குள் எந்தத் துறை என்ன செய்யும் என்று எழுதியிருக்கிறார்களா என்று புரட்டுங்கள். 'உலகத் தரம்', 'ஒருங்கிணைந்த வளர்ச்சி' என்ற சொற்கள் மட்டும் அகப்பட்டால் அதை எந்த மாவட்டத்துக்கும் பெயர் மாற்றி விற்கலாம்.

'இதெல்லாம் நடக்கிற காரியமா?' என்று உங்கள் பெரியவர் அடுத்துக் கேட்பார். புளியரை தாண்டினால் ஆரியங்காவு, கொல்லம் மாவட்டம். கேரளம் 1996-ல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று முதலில் அறிவித்தது. பணம் வரும் என்று தெரிந்த பிறகுதான் கிராம சபைக் கூட்டம், ஊராட்சிதோறும் வளர்ச்சி அறிக்கை, கருத்தரங்கு எல்லாம். அங்கேயும் வருடம் போகப் போகப் பல இடங்களில் அது சடங்காகிப்போனது என்ற குறை உண்டு, ஒப்பந்தக்காரர்கள் புகுந்துவிட்டார்கள் என்ற புகாரும் உண்டு. இருந்தும் தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன வேண்டும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்ட பழக்கம் அவர்களுக்கு வந்துவிட்டது. இங்கே வருடத்துக்கு ஆறு கிராம சபை. பல ஊர்களில் தீர்மானம் மேலிடத்திலிருந்து அச்சாகி வரும், நம் ஆட்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வருவார்கள்.

ஆகவே, திட்டம் கேட்டு மனு எழுதுவதற்கு முன்னால் உங்கள் வாசகர் வட்டம் ஒரு காரியம் செய்யலாம். தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டணத்தில் மாவட்ட ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். 2021-க்குப் பிறகு தென்காசி மாவட்டத் திட்டக் குழு எத்தனை முறை கூடியது? ஒவ்வொரு கூட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பு நகல் எங்கே? மாவட்டத்துக்கான வரைவு வளர்ச்சித் திட்டம் அரசுக்கு அனுப்பப்பட்டதா, எந்தத் தேதியில், அரசு என்ன பதில் சொன்னது? 30 நாளில் பதில் தர வேண்டும். மாவட்ட ஊராட்சியின் காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. கவுன்சிலர்கள் பதவியில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.