ரிப்போர்ட்டில் குறையில்லை, உடம்பில் தெம்பில்லை: அடுத்து என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 37. பத்து மாதமாக ஓயாத அசதி. எட்டு மணி நேரம் தூங்கினாலும் எழும்போது அடித்துப் போட்டதுபோல இருக்கிறது. முடி கொட்டுகிறது, பாதம் மதமதக்கிறது, உட்கார்ந்து எழுந்தால் நெஞ்சு படபடக்கிறது, பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்துவிடுகிறது. மாதவிடாய் இப்போதெல்லாம் எட்டு நாள் வரை போகிறது. நெஞ்செரிச்சலுக்காக மூன்று வருடமாக அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். முடிக்காக பயோட்டின் மாத்திரையும் உண்டு. மூன்று டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். ஹீமோகுளோபின் 12.2, தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் நார்மல். கடைசியாகப் பார்த்தவர் மன அழுத்தம் என்று சொல்லிவிட்டார். முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளட்டுமா?

பதில்: முழு உடல் பரிசோதனை இப்போது வேண்டாம். உங்களுக்குத் தேவை நான்கைந்து சரியான பரிசோதனைகளும், உங்கள் கதையை முதலிலிருந்து கேட்கும் ஒரு டாக்டரும்தான். நீங்கள் எழுதிய பத்து வரியிலேயே துப்புகள் இருக்கின்றன. அவற்றை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

பெரிய பரிசோதனைத் தொகுப்பை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், ஆய்வகங்கள் ‘நார்மல்’ என்று அச்சிடும் எல்லை, ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரின் அளவுகளை வைத்து வகுக்கப்பட்டது. அப்படியானால் எந்த நோயும் இல்லாத ஒருவருக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளைச் செய்தால், அவற்றில் ஏதாவது ஒன்றாவது எல்லைக்கு வெளியே வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட 64 சதவீதம். அதன் பின்னால் ஓடினால் மாதங்கள் போகும், பயம் கூடும், அசதி அப்படியே இருக்கும். அறிகுறி காட்டும் திசையில் செய்யப்படும் பரிசோதனைக்குத்தான் மதிப்பு.

சரி, உங்கள் துப்புகளுக்கு வருவோம். ஹீமோகுளோபின் 12.2. கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதனால் ரிப்போர்ட்டில் அது தடித்த எழுத்தில் வரவில்லை. ஆனால் இரண்டு வருடங்களுக்கு முன் எவ்வளவு இருந்தது? பழைய ரிப்போர்ட் இருந்தால் தேடிப் பாருங்கள். 13.8 இருந்து 12.2-க்கு வந்திருந்தால், எல்லைக்குள் இருந்தாலும் அது ஒரு சரிவு. எட்டு நாள் மாதவிடாய் அந்தச் சரிவுக்குப் பொருந்துகிறது. உடலில் இரும்பு குறையும்போது முதலில் காலியாவது சேமிப்பு. ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற பரிசோதனை. உங்கள் பட்டியலில் அது இல்லவே இல்லை. ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் இரும்புச் சேமிப்பு குறைவு என்றே பெரும்பாலான டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆய்வகத்தின் கீழ் எல்லை 10 அல்லது 15 என்று அச்சிடப்பட்டிருந்தாலும் அப்படித்தான். ரத்தசோகை வராமலேயே இரும்புக் குறைவு அசதியைத் தரும். முடி கொட்டுவதற்கும் அது ஒரு காரணம். உடலில் எங்காவது அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதால், கூடவே சி.ஆர்.பி. பரிசோதனையையும் எடுத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது பாத மதமதப்பு. அதோடு மறதி, மூன்று வருட அமிலக் குறைப்பு மாத்திரை. உணவிலிருந்து வைட்டமின் பி12 பிரிந்து வருவதற்கு வயிற்று அமிலம் வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் இந்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைபாடு அதிகமாகக் காணப்படுகிறது. இரும்பு உட்கிரகிப்பையும் அமிலக் குறைவு பாதிக்கும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும், அசைவம், பால், முட்டை எதுவும் தொடாதவர்களுக்கும் இதே பி12 எச்சரிக்கை பொருந்தும். ரத்தத்தில் பி12 அளவு 200-க்குக் கீழே என்றால் குறைபாடு என்று சொல்லிவிடலாம். 200-க்கும் 300-க்கும் இடையில் இருந்தால் சந்தேக எல்லை. அங்கே, பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் மீத்தைல்மலோனிக் அமிலத்தின் பரிசோதனை உதவும். பி12 குறைவை நீண்ட நாள் விட்டால் நரம்புச் சேதம் முழுதாகத் திரும்பாமல் போகலாம் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல இடங்களில் இதுதான் கண்ணில் படாமல் போகிறது. இரும்பு குறைந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் சிறுக்கும். பி12 குறைந்தால் அவை அளவில் பெரிதாகும். இரண்டும் ஒன்றாகக் குறைந்தால்? சிறியதும் பெரியதும் கலந்து, சராசரி அளவு நார்மலாகவே வந்து நிற்கும். ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்று இருப்பது அந்தச் சராசரி. அதற்குச் சில வரிகள் கீழே ஆர்.டி.டபிள்யூ. என்று ஒன்று இருக்கும். அணுக்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பதை அது சொல்லும். அது 15 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், எம்.சி.வி. அழகாக இருந்தாலும் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். உங்கள் பழைய ரிப்போர்ட்டை எடுத்து இந்த இரண்டு வரிகளையும் இன்றே பாருங்கள்.

பயோட்டின் மாத்திரை. முடிக்காக விற்கப்படும் மாத்திரைகளில் இது தினசரித் தேவையைப் போலப் பல மடங்கு இருக்கும். உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் பல ஆய்வகங்களின் கருவிகளை அது குழப்பும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகவும், தைராய்டு ஹார்மோன் அதிகமாகவும் காட்டக்கூடும். தைராய்டு மந்தமாக இருக்கும் ஒருவரின் உயர்ந்த டி.எஸ்.எச். இப்படி இறங்கி ‘நார்மல்’ கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடலாம். ஃபெரிட்டின், பி12 போன்ற பரிசோதனைகளையும் சில கருவிகளில் அது பாதிக்கும். எனவே குறைந்தது இரண்டு நாள் பயோட்டினை நிறுத்திவிட்டு டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 (தைராய்டு ஹார்மோன்) இரண்டையும் மறுபடி எடுங்கள். மாத்திரையில் அளவு மிக அதிகம் என்றால் இன்னும் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள். டாக்டரிடமோ ஆய்வகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுந்து நிற்கும்போது வரும் படபடப்பை நீங்கள் வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். அருகில் ஒருவர் இருக்கட்டும். பத்து நிமிடம் அமைதியாகப் படுத்திருந்து நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுந்து, நடக்காமல், அசையாமல் நின்று, 1, 3, 5, 10 நிமிடங்களில் மறுபடி குறியுங்கள். மயக்கம் வந்தால் உடனே படுத்துவிடுங்கள். மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 இறங்கினால் அது நிற்கும்போது வரும் ரத்த அழுத்தச் சரிவு. அழுத்தம் இறங்காமல் நாடி மட்டும் 30 அல்லது அதற்கு மேல் ஏறி அப்படியே நின்றால், பாட்ஸ் என்ற தன்னியக்க நரம்புக் கோளாறை டாக்டர் யோசிக்க வேண்டியிருக்கும். ரத்தசோகையும் நீர்ச்சத்துக் குறைவும்கூட நாடியை இப்படி ஏற்றும் என்பதால், முதலில் அவற்றைச் சரிபார்த்த பிறகே அந்த முடிவுக்கு வர முடியும்.

இவ்வளவும் உங்கள் கடிதத்திலிருந்தே எடுத்தது. கடிதத்தில் இல்லாத ஒன்று இருக்கிறது: அசதி என்று நீங்கள் சொல்வது எந்த வகை? எல்லாவற்றையும் அசதி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம், டாக்டரும் அதோடு விட்டுவிடுகிறார். சும்மா உட்கார்ந்தால் கண் சொக்கி உறங்கிவிடுகிறீர்களா? அப்படியானால் குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் உண்டா என்று உடன் உறங்குபவரைக் கேளுங்கள். ஒல்லியானவர்களுக்கும் இது வரும். பெண்களிடம் குறட்டையைவிட அசதியாகவும் தூக்கமின்மையாகவுமே வெளிப்படுவதால் தவறவிடப்படுகிறது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை, தலைவார கை தூக்க முடியவில்லை என்றால் அது தசை பலவீனம், வேறு பாதை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் இதயம், நுரையீரல், ரத்தம். செய்ய முடிகிறது, ஆனால் எதிலும் மனம் ஒட்டவில்லை, விடியலுக்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது என்றால் மனச்சோர்வைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்னொரு வகை உண்டு. வேலை செய்யும்போது சமாளித்துவிடுவீர்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து உடம்பு விழுந்துவிடும். குறிப்பேட்டில் எழுதினால் இப்படி இருக்கும்: ‘செவ்வாய், அலமாரி ஒதுக்கினேன், ஒரு மணி நேரம். புதன், பரவாயில்லை. வியாழன், படுக்கையை விட்டு எழ முடியவில்லை, தொண்டை வலி, வெளிச்சம் கூசியது. சனிக்கிழமைதான் குளித்தேன்.’ உழைப்புக்குப் பின் தாமதமாக வரும் இந்தச் சரிவுதான் நாட்பட்ட சோர்வு நோயின் அடையாளம். பல நேரம் ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு தொடங்கும். கோவிட்டுக்குப் பின்னும் இதே மாதிரி பலருக்கு வந்திருக்கிறது. 2015-ல் அமெரிக்காவில் வகுத்த அளவுகோலின்படி, ஆறு மாதமாக முன்புபோல் இயங்க முடியாத அளவுக்குச் சோர்வு, இந்தத் தாமதச் சரிவு, புத்துணர்வு தராத தூக்கம் மூன்றும் இருக்க வேண்டும். அதோடு ஞாபக மந்தமோ நின்றால் மோசமாவதோ சேர வேண்டும். இதற்கென்று ஒரு ரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை. இவர்களிடம் ‘தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டுங்கள்’ என்பது உதவாது, பலருக்குக் கேடு செய்கிறது. பிரிட்டனின் மருத்துவ நெறிமுறை அமைப்பான நைஸின் வழிகாட்டி 2021-ல் அந்த முறையைக் கைவிட்டது. உங்கள் குறிப்பேட்டில் இந்த உருவம் தெரிந்தால், உடம்பை விரட்டாமல் தெம்பு இருக்கும் எல்லைக்குள் வேலையை நிறுத்திக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

மன அழுத்தம் என்று சொன்ன டாக்டரைப் பற்றி. மனச்சோர்வு நிஜமான நோய், அது அசதியைத் தரும், அதற்குச் சிகிச்சை உண்டு. ஆனால் மற்ற பரிசோதனையில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்காக மிச்சமாக ஒட்டப்படும் பெயராக அது இருக்கக் கூடாது. அதற்கென்று கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். பத்து மாதம் தெம்பில்லாமல் இருந்தால் யாருக்கும் மனம் துவளும். அது காரணமா விளைவா என்று பார்க்க வேண்டியது எங்கள் பொறுப்பு. நீங்கள் இதைக் கற்பனை செய்யவில்லை.

டாக்டரிடம் போகும்போது ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன நடந்தது, எது முதலில் வந்தது, எது கூட்டுகிறது, எந்த மாத்திரைகள் எவ்வளவு நாளாக. முன்பு செய்ய முடிந்து இப்போது முடியாத இரண்டு வேலைகளைக் கட்டாயம் எழுதுங்கள். ‘ரொம்ப அசதி’ என்பதைவிட ‘இரண்டு மாடி ஏறியவள் இப்போது ஒரு மாடிக்கே நடுவில் உட்காருகிறேன்’ என்பது டாக்டரை நிமிர்ந்து பார்க்க வைக்கும். மாத்திரைப் பட்டியலில் ஒவ்வாமை மாத்திரை, தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் இருக்கட்டும், இவற்றில் பல அசதி தருபவை. அமிலக் குறைப்பு மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். நெஞ்செரிச்சல் கூடுதலாகத் திரும்பலாம். அது இன்னும் தேவையா, எப்படிக் குறைப்பது என்று கேளுங்கள்.

பரிசோதனைக்கு முன்னால் எதையும் தொடங்கவும் வேண்டாம். பி12 மாத்திரை இரண்டு வாரம் சாப்பிட்டுவிட்டுப் பரிசோதித்தால் அளவு ஏறியிருக்கும், உண்மை மறைந்துவிடும். யாரோ சொன்னார்கள் என்று கோதுமையை நிறுத்தினாலும் இதே கதைதான். கோதுமைப் புரதம் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய்க்கான பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். வயிற்று உப்புசமும் இரும்புக் குறைவும் சேர்ந்திருந்தால் அதையும் டாக்டர் யோசிப்பார். நிற்கும்போது தலைசுற்றலோடு எடை குறைவு, தோல் கறுத்தல், உப்பின் மேல் ஆசை சேர்ந்தால் காலை நேர கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் பரிசோதனை. காலையில் மூட்டு இறுக்கம் ஒரு மணி நேரம் நீடித்தால் வாத நோய்ப் பரிசோதனைகள். உங்களிடம் இந்த அறிகுறிகள் இல்லாததால் அவை இப்போதைக்கு வேண்டாம்.

சில அறிகுறிகள் வந்தால் இந்த வரிசை எதற்கும் காத்திருக்காதீர்கள். நெஞ்சு வலி, ஓய்வில் மூச்சுத் திணறல், மயங்கி விழுதல், கறுப்பாக மலம் போவது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்: அன்றே மருத்துவமனை. முயலாமலே எடை குறைவது, உடை நனையும் இரவு வியர்வை, வாரக்கணக்கில் காய்ச்சல், கழுத்திலோ அக்குளிலோ கட்டி: அந்த வாரத்துக்குள் டாக்டர்.

ஃபெரிட்டின் குறைவு என்று வந்தால், மாத்திரையோடு மாதவிடாய்ப் போக்குக்கும் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ஓட்டையை அடைக்காமல் நிரப்பிக்கொண்டே இருக்க முடியாது. ஹீமோகுளோபின் சில வாரங்களில் ஏறும், சேமிப்பு நிரம்ப மாதங்கள் ஆகும் என்பதால், எண் நார்மல் ஆன பிறகும் சுமார் மூன்று மாதம் மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள். பி12 குறைவு என்று வந்தால் பாத மதமதப்பு மெதுவாகத்தான் குறையும். தொடக்கத்தில் சிலருக்கு மதமதப்பு கொஞ்சம் கூடுவதுபோலவும் தோன்றும். அதைப் பார்த்து ஊசியையோ மாத்திரையையோ பாதியில் நிறுத்திவிடாமல் டாக்டரிடம் கேளுங்கள்.